கம்பெனி வண்டி நிற்கும் இடம்

(சபைத் தலைவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றின் முதல் நாளில் வேலூரில் ஆற்றிய உரை)



காலையில் காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "மிஷன் காம்பவுண்டுக்குப் போகணும்" என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எந்த மிஷன் சார்? ஆஸ்பத்திரியா, ஸ்கூலா, சர்ச்சா?" முப்பது வருடம் இறையியல் மாணவர்களுக்கு இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். வினாத்தாளில்கூட இவ்வளவு கூர்மையாக ஒரு கேள்வி போட்டதில்லை.

நம் பக்கத்தில் மிஷன் என்றால் ஓர் இடம். அதற்கு மதில் உண்டு, கேட் உண்டு, கேட்டில் ஒரு வாட்ச்மேன் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், மிஷன் ஸ்கூலில் படித்தேன் என்று சொல்கிறோம். தமிழில் 'அருட்பணி' என்று அழகாகப் பெயர் வைத்தோம். 'திருப்பணி' என்றும் சொல்லிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு இந்து நண்பரிடம் திருப்பணி என்றால் அவர் கோபுரத்துக்குச் சாரம் கட்டுவதைத்தான் நினைப்பார். அவர் நினைப்பதில் தப்பில்லை. நம் சேகரக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சுற்றுச்சுவர், டைல்ஸ், மைக் செட், கல்லறைத் தோட்டத்துக்குக் கேட், மறுபடியும் சுற்றுச்சுவர். நாமும் சாரம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1853இல் ஆற்காடு மிஷன் முறையாக அமைந்தது. அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை அனுப்பிய ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அதை நடத்தினார்கள். ஆரம்பத்தில் அவர்கள் பெரிய ஆங்கிலப் பள்ளிகளை விரும்பவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் பேசி, கிராமம் கிராமமாகப் போவதுதான் வேலை என்றார்கள். பள்ளியும் கல்லூரியும் பின்னால் வந்தவை. நம் ஊரிஸ் கல்லூரியும் அப்படித்தான். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். அந்தப் பக்கம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மிசூரி லுத்தரன்கள் வந்தார்கள். அவர்களுடைய முதல் மிஷனரிகள் 1895இல் கிருஷ்ணகிரிக்கு வந்தவர்கள். ஆம்பூரில் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் கன்கார்டியா பள்ளியும் அந்த வழியில் எழுந்தவை.

மிஷனரிகள் பெயர் நமக்கு மனப்பாடம். ஆனால் கிராமங்களில் சபையை நடத்தியது யார்? உபதேசியார். என் தாத்தா ஓர் உபதேசியார். பகலில் ஓராசிரியர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பார். இரவில் அரிக்கேன் விளக்கில் பெரியவர்களுக்கு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை அதே கூரையின் கீழ் ஆராதனை. பண்ணையாரிடம் அடிவாங்கியவனுக்கு மனு எழுதுவார். காலரா வந்தால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடுவீடாய்ப் போவார். இவரைப் போன்றவர்களைத் தயாரிக்கத்தான் 1880களின் இறுதியில் பலமநேரில் ஆற்காடு இறையியல் பள்ளி தொடங்கி, பிறகு வேலூருக்கு வந்தது. தாத்தாவிடம் பட்டம் இல்லை. அவர் ஊரில் யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது, எந்தப் பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று நம் ஆயர்கள் பி.டி. படிக்கிறார்கள், எம்.டிஎச். படிக்கிறார்கள். நானே அவர்களுக்கு மதிப்பெண் போட்டவன். ஆனால் அந்தத் தெரிதல் மட்டும் எங்கோ கைநழுவிப் போயிற்று.

வேலூரில் நின்றுகொண்டு, இங்கே மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசாமல் போனால் என்னை வெளியே விடமாட்டீர்கள். ஆனால் ஒரே இரவில் மூன்று முறை கதவு தட்டப்பட்டு அவரை மருத்துவராக்கிய அந்தக் கதையை நான் சொல்லப் போவதில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதை வருடாவருடம் நாடகமாகப் போடுகிறார்கள். நான் சாலோமியைப் பற்றிச் சொல்கிறேன். 1900இல் டாக்டர் பட்டத்தோடு திரும்பிவந்த ஐடா அம்மா, அப்பா குடியிருந்த பங்களாவின் ஒரு சிறு அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். அவருடைய ஷெல் ஆஸ்பத்திரி வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நர்ஸ் இல்லை, கம்பவுண்டர் இல்லை. வீட்டு வேலைக்காரர் குடும்பத்துப் பெண் சாலோமிதான் முதல் உதவியாளர். அவருக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஐடா அம்மாவின் கெட்டிக்காரத்தனமே இதில்தான் என்பேன். கைக்கு எட்டும் தூரத்தில் யார் இருந்தாரோ அவரைத்தான் பயிற்றினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும் அதே துணிச்சல். 1922இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் தேறி வெளியே வந்தார்கள்.

இன்னொன்று, குடியாத்தம் சாலை. கார் என்பதே வேடிக்கைப் பொருளாக இருந்த காலத்தில் ஒரு சின்ன பூஜோ காரில் வாரந்தோறும் அந்தச் சாலையில் போய், மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார் ஐடா அம்மா. ஆஸ்பத்திரி வேண்டுமென்று கேட்டவரே, ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, வண்டியை அங்கே நிறுத்தினார். அந்தப் பழக்கம் அவர் தொடங்கிய நிறுவனத்தை விட்டுப் போகவில்லை. தொழுநோயாளிகளுக்காகக் கரிகிரி மருத்துவமனை 1955இல் வந்தது, கே.வி. குப்பத்தில் கிராம நலப் பணிக்கான ருஹ்சா 1977இல் வந்தது. எங்கே நிறுத்துவது என்ற கேள்வியைச் சேகரக் குழுவில் யாராவது எழுப்பிக் கேட்டிருக்கிறீர்களா? நம்மிடம் வண்டி இருக்கிறது. ஆயர் வீட்டு வாசலில் நிற்கிறது.

திருப்பத்தூருக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 1921இல் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றார்கள். பெரியண்ணன் தமிழர், சின்னண்ணன் வெள்ளைக்காரர். அப்போது ஆட்சி யாருடையது என்பதை நினைத்துக்கொண்டு அந்த இரண்டு பெயரையும் மறுபடி சொல்லிப் பாருங்கள். கதர் உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், திராவிடக் கட்டடக் கலையில் ஜெபாலயம் எழுப்பினார்கள். 1932இல் சென்னையில் கதர் உடையில் நின்ற சின்னண்ணனைப் போலீஸ் தடியால் அடித்தது. அடித்தபிறகுதான் யாரை அடித்தோம் என்று தெரிந்தது. இப்போது அங்கே போகும் நம் ஆட்கள் கோபுரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பந்தியை. நம் சபை விருந்துகளில் யார் பரிமாறுகிறார், யார் உட்காருகிறார், யார் கடைசியில் பாத்திரம் கழுவுகிறார் என்று ஒருமுறை கவனியுங்கள். சபையின் அருட்பணிக் கொள்கை என்ன என்று அச்சடித்த தாளைவிட அது தெளிவாகச் சொல்லும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. காற்றடிக்கும் திசையை வைத்தே எந்த ஊர் வருகிறது என்று பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் ஷூவையும் அனுப்பச் சொன்னது. வேலை பெருகியது. குரோமியமும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்பு அது. உலகம் முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் வேலூர் என்ற பெயரை அந்த வழக்கோடு சேர்த்துப் படிக்கிறார்கள். அந்த ஆண்டில் நான் கேட்ட பிரசங்கம் ஒன்றிலும் பாலாறு வரவில்லை. யோர்தான் வந்தது. நான் செய்த பிரசங்கத்திலும் யோர்தான்தான் வந்தது.

பாலாற்றங்கரைச் சபை ஒன்றில் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தேன். பீடத்தின் முன்னே வாழைத்தார், பூசணி, தேங்காய், கரும்பு, காலைக் கட்டிப்போட்ட சேவல். ஆராதனை முடிந்து ஏலம். ஒரு பூசணிக்காயை நானும் கேட்டேன், போட்டி போட்டுப் பத்து மடங்கு விலைக்கு எடுத்தேன். தூக்கிப் பார்த்தால் அடியில் மார்க்கெட் கடைக்காரர் பேனாவால் எழுதிய எடைக் கணக்கு. மூப்பரிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, எங்க கிணத்துத் தண்ணில பயிர் நின்னு இருவது வருஷம் ஆச்சு. பண்டிகையை விட மனசு வரல. அதான் மார்க்கெட்ல வாங்கியாந்து வெக்கறோம்." முதற்பலன் என்று பாட்டுப் பாடினோம். பலன் எந்த ஊரில் விளைந்ததோ தெரியாது.

அதே மூப்பரின் மகள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, அவள் சம்பளத்தில்தான் அந்தப் பூசணிக்காயும் வாங்கினார்கள். அப்பாவின் கிணற்றைக் கெடுத்ததும் தோல், மகளுக்குச் சோறு போடுவதும் தோல். இந்த முடிச்சை வெளியூர்ப் பேச்சாளர்கள் யாரும் அவிழ்க்க முடியாது. கம்பெனியை மூடு என்று ஒருவர் கொடி பிடிக்கலாம். வேலை கொடுக்கிறவரைத் தொந்தரவு செய்யாதே என்று இன்னொருவர் சொல்லலாம். சபையில் மட்டும்தான் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த பெஞ்சில் சூப்பர்வைசரும் உட்காருகிறார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் போடுகிறவரும் உட்காருகிறார். இவர்களை ஒருநாள் மாலை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிட நமக்குத் தோன்றியதே இல்லை. பாவம் என்ற சொல்லை நாம் தினமும் உச்சரிக்கிறோம். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்துச் செய்யும் பாவத்தை எப்படி அறிக்கையிடுவது என்று அவர்கள் நமக்குக் கற்றுத்தருவார்கள்.

கம்பெனிக்குள் போகாமல் வீட்டிலேயே, ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வாசல்படியில் வெளிச்சம் விழும் பக்கம் உட்கார்ந்து, தடித்த நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்குகிறார்கள். நூல் எப்போதும் ஒரே இடத்தில் பதிவதால் சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். துணி சுற்றிக்கொண்டாலும் விழும். திருவிருந்தில் அப்பம் கொடுக்கும்போது எத்தனையோ வருடம் நான் நீட்டிய கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தை ஒரு நாள்தான் பார்த்தேன். "என்னம்மா இது?" என்று ஆராதனைக்குப் பிறகு கேட்டதற்கு, "வேலைதாங்கய்யா" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கு எதுவும் தெரியவில்லை. கேட்கத் தெரியாத இந்தக் குறைதான் என் உரையின் விஷயமே.

கேட்கத் தெரிந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். லெஸ்லி நியூபிகின் சென்னைப் பேராயராக இருந்தபோது நம் வட்டாரமும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. வேலூர் தனிப் பேராயமானது 1976இல். நற்செய்தி என்ன என்பதை உலகத்துக்கு விளக்கிக் காட்டுவது அதை நம்பி வாழும் உள்ளூர்ச் சபையே என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். மேடைப் பேச்சும் துண்டுப்பிரதியும் அதற்குப் பிறகுதான். ஊர்ச் சபைகளில் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் சொன்னால் நம்பலாம். இறையியல் கல்வியிலும் முயற்சிகள் நடந்தன. 1963இல் குவாத்தமாலாவில், மாணவர்களைக் கல்லூரிக்கு இழுக்காமல் ஆசிரியரே ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தும் முறை தொடங்கியது. 1971இல் பெங்களூரில் டாஃப்டி அமைப்பு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாணவர்களைக் குடிசைப் பகுதிகளில் தங்கவைத்துப் படிக்கச் செய்தது. அங்கேதான் பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பறையைத் தோலில் கட்டுகிறோம், தோலைத் தொடுகிறவனை ஒதுக்கிவைத்தோம் என்பதை அந்த ஓசை ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்தும். நம் பக்கத்துப் பணக்காரச் சபைகள் இன்னும் கீபோர்டை விட்டு இறங்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் சபைகளில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவர்கள் என்பதால் அவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956இல் கிடைத்தது, பௌத்தருக்கு 1990இல் கிடைத்தது. தோல் ஷாப்பில் ஒரே சுண்ணாம்புக் குழியில் நிற்கும் அண்ணன் தம்பி இருவரில் ஒருவருக்குச் சான்றிதழ் உண்டு, ஞானஸ்நானம் பெற்றவருக்கு இல்லை. அதனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் உண்டு. அவர்களை மேடையிலிருந்து ஏசுகிற ஆயரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் படிப்புக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

பயிற்சி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். 2015 ஜனவரி 31, சனிக்கிழமை அதிகாலை. ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் ஞாயிறு.

இதைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, "நீங்கள் அந்த ஊரில் சபைத் தலைவர். ஞாயிறு காலை ஆராதனைக்கு இன்னும் ஒருநாள் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். ஒரு முகாமில் பதில்கள் கடகடவென்று வந்தன. விசேஷ ஜெபம் வைப்போம் என்றார் ஒருவர். காணிக்கை எடுத்து நிவாரணம் அனுப்புவோம் என்றார் ஒருவர். கலெக்டரிடம் மனு என்றார் ஒருவர், அவர் வக்கீல். எல்லாம் நல்ல பதில்தான். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஓர் அம்மா கையைத் தூக்கினார். "ஐயா, அவங்க அங்கதான் தூங்கறாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?"

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அன்று எனக்குத்தான் பயிற்சி.

அந்த அம்மா கேட்டதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். நம் சபை மக்கள் தினமும் காலையில் கம்பெனிக்குள் போகிறார்கள், தோல் ஷாப்புக்குள் போகிறார்கள். ஆயர் போகமுடியாத இடம், கன்வென்ஷன் பேச்சாளர் போகமுடியாத இடம். வங்காளத்துப் பையன்கள் எங்கே படுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இஸ்லாமிய முதலாளிகளில் யார் ரம்ஜானுக்கு முன்னால் கூலிப் பாக்கியைத் தீர்ப்பவர், யார் இழுத்தடிப்பவர் என்று தெரியும். எந்தப் பெண்ணை எந்த சூப்பர்வைசர் தொந்தரவு செய்கிறான் என்று தெரியும். சபை ஏற்கெனவே அனுப்பப்பட்டுத்தான் இருக்கிறது, தினமும் காலை ஏழு மணிக்கு, கம்பெனி வண்டியில். நாமோ அருட்பணிக் குழு என்று ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, வருடத்துக்கு இரண்டு முறை ஜவ்வாது மலைக்குப் போய்வருகிறோம். மலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற வழியில் ஆம்பூர் பைபாஸில் நம் சொந்த சபை நின்றுகொண்டிருக்கிறதே, அதைத் தாண்டிப் போகிறோம்.

தலைவர் என்பவர் திங்கள் முதல் சனிவரை அவர்கள் பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை கேட்டுவாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் நெருங்கும் மாதங்களில் ஞாயிறும் ஓவர்டைம் இருக்கும். அப்போது ஒன்பதரை மணி ஆராதனைக்கு வராதவர்களின் பெயரைப் பட்டியல் எடுப்பதற்குப் பதிலாக, மாலை ஏழு மணிக்கு ஒன்று வைக்கலாம். ஒன்பதரை என்று நேரம் குறித்தவர் ஏதோ ஒரு துரை. வேதாகமத்தில் அந்த நேரம் இல்லை. சேகரக் குழுவில் இரண்டு இடத்தை வீட்டில் அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஒதுக்கிப் பாருங்கள். தேர்தல் வேகம் தானாகக் குறையும். ஏனென்றால் அவர்களுக்குப் போஸ்டர் அடிக்க யாருக்கும் தோன்றாது.

இந்த முகாமில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நிகழ்ச்சி நிரலில், நாளை காலை ஆறரை மணிக்கு அமைதித் தியானம் என்று போட்டிருக்கிறது. அமைப்பாளர்களிடம் பேசி மாற்றிவிட்டேன். ஐந்தரைக்கு இந்த கேட்டிலிருந்து ஒரு வேன் கிளம்பும். ஆம்பூரில் கம்பெனி வண்டிகள் நிற்கும் இடத்தில் நம்மை இறக்கிவிடுவார்கள். உங்களில் யாருடைய சபையைச் சேர்ந்தவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களோடு நில்லுங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள். பைபிளைக் கையில் கொண்டுவர வேண்டாம், நோட்டும் வேண்டாம், துண்டுப்பிரதி வேண்டவே வேண்டாம். டீ என் செலவு. ஏழு மணிக்கு வண்டி வந்ததும் அவர்கள் ஏறிவிடுவார்கள். பேச அதிக நேரம் கிடைக்காது, அதனால் யாரும் தாமதமாக வரவேண்டாம்.